குளியலறையில் கல்லுப்பு

சமையலறையில் இருக்க வேண்டிய கல்லுப்புப் பொட்டலம் குளியலறைக்கு எதற்குப் போனது என்பது மாசிலாமணிக்கு ஒன்பது மாதமாக விளங்கவில்லை.

போலீஸ்காரர்கள் எடுத்த படங்களில் அது பதினான்காவது. வழக்கறிஞரின் அலுவலகத்தில் ஒரே ஒருமுறைதான் பார்த்தார். ஆனாலும் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீல வாளி ஒன்று சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத மூலையில், ஒரு கிலோ உப்புப் பொட்டலம். முனையைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மறுபடி மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. முக்கால்வாசி காலி.

பெற்ற தாயைத் தம்பி கொன்றுவிட்டான் என்று வழக்கு நடக்கும்போது ஒரு மனிதர் உப்பைப் பற்றியா யோசித்துக்கொண்டிருப்பார் என்று கேட்கலாம். மாசிலாமணியின் தொழில் அப்படி. முப்பத்தொரு வருடமாக அவர் அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட்களைப் பழுதுபார்க்கிறார். லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று யார் கேட்டாலும் சலிக்காமல் விளக்குவார். ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கதவு முழுக்கச் சாத்தினால்தான் அது ஒட்டும். பதினாறு மாடி என்றால் பதினாறு சுவிட்சையும் ஒரே கம்பியில் கோர்த்திருப்பார்கள். பதினைந்து ஒட்டி, ஒன்று மட்டும் மயிரிழை விலகியிருந்தாலும் லிஃப்ட் அசையாது. கீழே நிற்கிற ஜனங்கள் லிஃப்ட்டே உருப்படாதது என்று திட்டுவார்கள். பழுதுபார்க்கிறவன் திட்டக் கூடாது. எந்தக் கதவு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். இந்த வழக்கையும் அவர் அப்படித்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். கை அந்த உப்புப் பொட்டலத்தில் வந்து நின்றுவிட்டது.

நடந்தது பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்தில் எட்டாவது மாடியில் ஓர் ஈரறை வீடு. அம்மா பாப்பம்மாளுக்கு எழுபத்தாறு வயது. தம்பி ரகுபதிக்கு நாற்பத்தாறு. இருபத்தொன்பதாவது வயதில் அவனுக்கு நோய் வந்தது. கிடங்கு வேலையை விட்டான். ஒருமுறை போலீஸ் விலங்கு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு மாதம் ஒருமுறை கிளினிக்கில் போடும் ஊசிதான் அவனை மனிதனாக வைத்திருந்தது. ஊசி போட்ட வாரத்தில் கை நடுங்கும், கால் மரக்கட்டையாக விறைக்கும், சோற்றைப் பிசைய வராது. அம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. டிசம்பர் ஊசிக்குப் போகவில்லை. ஜனவரி ஊசிக்கும் போகவில்லை. இது மாசிலாமணிக்குத் தெரியாது. அவர் தன் மனைவி, மகளோடு பொங்கோலில் வேறு வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்ப்பார்.

பிப்ரவரியில் ரகுபதிக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. வீட்டில் இருப்பது அம்மா இல்லை, அம்மாவின் முகத்தோடு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அம்மாவை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார்கள் என்று. அந்த வியாழக்கிழமை மிளகாய்ச் சம்பால் இடிக்கும் கல்லின் குழவியை எடுத்து அந்த ‘யாரோ’வின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். ஒரே ஒரு தட்டு. சாயங்காலம் ஆறரைக்குப் பக்கத்து வீட்டு ரபியா, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கதவு திறந்திருந்தது. பாப்பம்மாள் மெத்தையில் போர்த்திப் படுத்திருந்தார். தொட்டால் உடம்பு ஜில்லென்றிருந்தது. ரகுபதி பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். அடித்தது நான்தான் என்று போலீசிடம் அவனே சொன்னான். வேறு எதைக் கேட்டாலும் ஆமாம் ஆமாம் என்றான்.

அரசுத் தரப்பிடம் இரண்டு நேரங்கள் இருந்தன. மதியம் இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் பாப்பம்மாளின் போனிலிருந்து மூத்த மகனுக்கு ஓர் அழைப்பு போயிருக்கிறது. மாசிலாமணி எடுக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் போன் மேலே பெட்டியில் இருக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஆக, அந்த நேரத்தில் அம்மா நன்றாக இருந்திருக்கிறார். மூன்று பதினைந்துக்கு ரபியா தாழ்வாரத்தில் ரகுபதியைப் பார்த்திருக்கிறார். சலவைச் சட்டை போட்டு நின்றிருக்கிறான். அம்மா எங்கே என்றதற்கு, “தூங்குறாங்க” என்றிருக்கிறான். துவைத்த சட்டை ஒன்று அப்போதே ஜன்னலுக்கு வெளியே கழியில் தொங்கியதாகவும் ரபியா சொல்லியிருந்தார். ஆக, இந்த இருபத்துமூன்று நிமிடத்துக்குள் அடித்து, காயத்தைக் கழுவி, மெத்தையில் கிடத்திப் போர்த்தி, ரத்தம் பட்ட சட்டையைத் துவைத்து, மூங்கில் கழியில் கோர்த்து ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டு, பக்கத்து வீட்டாரிடம் பொய்யும் சொல்லியிருக்கிறான் என்றார் அரசு வழக்கறிஞர். செய்தது தப்பு என்று தெரியாதவன் இதையெல்லாம் செய்வானா?

பன்னிரண்டரைக்கு ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாகவும் ரபியா சொல்லியிருந்தார். அந்த வீட்டில் பாத்திரம் விழுவது வழக்கம்தான் என்று அவரே சேர்த்தும் சொன்னார். யாரும் மேலே கேட்கவில்லை.

இங்கே கொலை வழக்கில் ஒரே நீதிபதிதான். அவர் முன்னால் கேள்வி இரண்டு. ஒன்று, அடித்த நேரத்தில் இவனுக்குப் புத்தி சுவாதீனம் இருந்ததா. இதில் இரண்டு தரப்பு மனநல மருத்துவர்களும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: நோய் உண்டு. இரண்டாவதுதான் வாசல். அந்த நோய், தான் செய்வது இன்னது, அது தப்பு என்பதே தெரியாத அளவுக்கு அவனை மூடியிருந்ததா. மூடியிருந்தது என்று நீதிபதி ஏற்றால் குற்றவாளி இல்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மனநல மருத்துவமனையில் காவலில் வைத்திருப்பார்கள். முழுக்க மூடவில்லை, பாதி மூடியிருந்தது என்றால் கொலை என்பது ஒரு படி இறங்கும், நீண்ட சிறை. இரண்டும் இல்லை என்றால் கயிறாகவும் இருக்கலாம். மாசிலாமணி வேண்டியது முதலாவதை. தம்பி வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஊசி போடுகிற கைகளுக்கு நடுவில் அவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலைகளில் அவர் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக் கடைகள் பக்கம் செல்லக்கண்ணுவின் டீக்கடைக்கு வருவார். அங்கே ஜெயரத்தினம் உட்கார்ந்திருப்பார். வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் நாற்பது வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சிங்கப்பூரில்தான், பேச்சு மட்டும் தகப்பனாரின் யாழ்ப்பாணத்துப் பேச்சு; நோயை வருத்தம் என்பார். அவரிடம் நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. புத்தி சுவாதீனமில்லை என்று வாதாடப்பட்ட கொலை வழக்குகளை அதில் வரிசையாக எழுதியிருந்தார். வழக்கு நடக்கும்போதே தன் கணிப்பைப் பென்சிலில் எழுதுவார். தீர்ப்பு வந்ததும் பக்கத்தில் மையில் எழுதுவார். நாற்பத்தொன்றில் முப்பத்தாறு ஒத்துப்போயிருந்தது. அதில் அவருக்குப் பெருமை உண்டு, ஆனால் கொண்டாட மாட்டார். தவறிய ஐந்தையும் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்.

அன்றைக்குப் பக்கத்து மேசையில் ஓர் ஆள் தமிழ்ப் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு, பைத்தியக்காரன் சட்டை துவைப்பானா, எல்லாம் நடிப்பு, தூக்குதான் லா என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாசிலாமணி யார் என்று அவருக்குத் தெரியாது. டீயைக் கொண்டுவந்த செல்லக்கண்ணு கோப்பையைச் சற்று பலமாகவே வைத்தார்.

“அண்ணே, வாரா வாரம் நீங்க வாங்குற 4D லாட்டரி ஒண்ணாச்சும் விழுந்திருக்கா? தீர்ப்பு சொல்ல வந்துட்டீங்க. ஆறிடும், குடிங்க.”

அந்த ஆள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். ஜெயரத்தினம் சீனி போடாத டீயை ஆற்றிக்கொண்டே நோட்டைத் திறக்காமல் அதன் மேல் கையை வைத்திருந்தார். மாசிலாமணி கேட்கப்போவது அவருக்குத் தெரியும்.

“ஐயா, பென்சில்ல என்ன போட்டிருக்கீங்க?”

“அது என்னத்துக்கு உமக்கு?”

“தெரிஞ்சுக்கணும்.”

ஜெயரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, டாக்டர்மார் சொல்லுறதை நான் பெரிசாப் பாக்கிறேல்லை. வருத்தம் இருக்கெண்டு ரெண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். அடிச்ச பிறகு என்ன செய்தவன்? அதைத்தான் நான் பாக்கிறனான். ஓடினவனோ, ஒளிச்சவனோ, கழுவினவனோ, பொய் சொன்னவனோ. நாலில ஒண்டு இருந்தாலே கஷ்டம். உம்மடை தம்பியிலை ரெண்டு இருக்கு.”

நோட்டைத் திறந்து காட்டினார். கடைசி வரியில் ரகுபதியின் பெயருக்கு நேரே மெல்லிய எழுத்தில் ‘சிறை, ஆயுள்’ என்றிருந்தது. மை எழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாக இருந்தது. மாசிலாமணி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் உப்பைப் பற்றிக் கேட்டார். இதை முன்பும் கேட்டிருக்கிறார். அது திருஷ்டி கழித்த உப்பு என்பதில் ஜெயரத்தினத்துக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குள் புகுந்துவிட்ட வேற்று ஆளை விரட்ட ரகுபதி உப்பைச் சுற்றித் தண்ணீரில் கரைத்திருக்கிறான் என்று அவர்தான் ரகுபதியின் வழக்கறிஞர் சிவதர்ஷினியிடம் எடுத்துச் சொன்னார். அந்தப் பெண்ணும் நம் ஆட்களின் பழக்கம் பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எழுதிக்கொண்டாள். ரகுபதி தரப்பு மருத்துவரின் அறிக்கையில் அது ஒரு முழுப் பத்தியாகவே வந்துவிட்டது. செல்லக்கண்ணுவும் தலையாட்டினார். அவர் கடையிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது உண்டு.

“திருஷ்டிக்கு ஒரு கைப்பிடி போதும் ஐயா. முக்கால் பொட்டலம் எங்க போச்சு?”

“வருத்தக்காரனுக்கு அளவு தெரியுமோ?”

“அளவு தெரியாதவன், மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பானா?”

ஜெயரத்தினம் நோட்டை மூடினார். டீயைக் குடித்து முடித்தார். செல்லக்கண்ணு கோப்பையை எடுக்க வந்தவர், எடுக்காமல் போனார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாசிலாமணி சாங்கி சிறைக்குப் போய்வருவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுபதி, இந்தப் பக்கம் இவர், பேசுவதற்கு ஒரு போன். முதல் மாதங்களில் தம்பி, அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா இறந்துவிட்டதைச் சொன்னால் சிரிப்பான். உள்ளே மருந்தைத் தவறாமல் கொடுத்தார்கள். நான்காவது மாதம் அவன் கேட்பதை நிறுத்தினான். ஐந்தாவது மாதம் வந்து உட்கார்ந்ததும் போனை எடுக்காமல் அழுதான். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரவில்லை. வாய் கோணுவது மட்டும் தெரிந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று மாசிலாமணிக்கு அப்போதுதான் புரிந்தது. புத்தி திரும்பிய மனிதனுக்குத் தான் செய்தது திரும்பக் கிடைத்திருந்தது.

வேற்று ஆள் வந்தது எல்லாம் தன் மூளையின் கோளாறு என்று இப்போது அவனே சொல்வான். ஒன்றை மட்டும் விடவில்லை.

“அண்ணே, நான் தட்டினதும் அம்மா எந்திரிச்சாங்க. எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிட்டாங்க. எனக்குச் சோறு போட்டாங்க. இத சொன்னா டாக்டர் எழுதிக்கிறாரு, நம்ப மாட்டேங்கிறாரு.”

மருத்துவர், நோயின் மிச்சம் என்று எழுதியிருந்தார். அரசுத் தரப்பு, புனைகதை என்றது. மாசிலாமணி அன்றைக்குத் தம்பியிடம் சரிடா சரிடா என்று சொல்லிவிட்டு வந்தார். பேருந்தில் வரும்போது, அவன் தன்னைத் தேற்றிக்கொள்ள ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

வீட்டில் அவர் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. அது உமாமகேஸ்வரி வைத்த கட்டுப்பாடு. நோய் வந்த புதிதில் நான்கு வருடம் அவள் ரகுபதியைத் தன் வீட்டில் வைத்திருந்தவள். சுவரோடு அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே சமைத்திருக்கிறாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைத் தாழிட்டிருக்கிறாள். அத்தையின் காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவள் சொன்னாள்: கோர்ட்டுச் சமாச்சாரத்தைக் கோர்ட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள், எனக்குச் சத்தியமாகத் தாங்காது. அவரும் அப்படியே செய்தார். படங்களைப் பற்றியோ நேரங்களைப் பற்றியோ அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேக்காவில் ஆண்கள் மூன்று பேர் ஒன்பது மாதம் பேசித் தீர்த்த உப்பு அவள் காதுக்கு வரவேயில்லை.

வழக்கின் அடுத்த கட்டம் தொடங்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்றும் வியாழக்கிழமை. செங்காங்கில் ஓர் அடுக்குமாடி பிளாக்கில் கதவுத் தகட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அதன் விளிம்பு மாசிலாமணியின் முன்கையைக் கிழித்துவிட்டது. பாலிகிளினிக்கில் ஐந்து தையல் போட்டு நான்கு மணிக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். சட்டையின் ஒரு கையும் முன்பக்கமும் ரத்தத்தில் நனைந்திருந்தன. அந்தச் சட்டையோடு அவர் பொங்கோல் எல்ஆர்டி ரயிலில் ஏறி நின்றதைப் பார்த்து ஒரு சீன மூதாட்டி எழுந்து இடம் கொடுத்தார்.

உமா ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள். மூன்று மணிக்கு வந்துவிடுவாள். கதவைத் திறந்ததும் முதலில் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு திட்டத் தொடங்கினாள். ஐம்பத்துநான்கு வயதில் இன்னும் குழிக்குள் இறங்கிக்கொண்டு, சின்னப் பையன்களை அனுப்பினால் என்ன என்று. திட்டிக்கொண்டே பொத்தான்களைக் கழற்றினாள்.

“கழட்டுங்க, கழட்டுங்க. காயறதுக்குள்ள கழட்டுங்க.”

அவர் பனியனோடு கூடத்தில் உட்கார்ந்தார். மருந்தின் மயக்கம் இலேசாக இருந்தது. குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம், சமையலறைக்கு அவள் போய்வரும் சத்தம். பிறகு அவள் குழம்பைச் சூடாக்கப் போய்விட்டாள். முகம் கழுவலாம் என்று எழுந்து குளியலறைக் கதவைத் தள்ளினார்.

வாளியில் சட்டை முங்கிக் கிடந்தது. தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. வாளிக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்காத மூலையில், கல்லுப்புப் பொட்டலம்.

மாசிலாமணி முகம் கழுவவில்லை. நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

“உமா, இது எதுக்கு?”

“எது?”

“உப்பு.”

அவள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ரத்தக் கறைக்குங்க. வேற எதுக்கு?”

“ரத்தக் கறைக்கு உப்பா?”

“இருபத்தாறு வருஷமா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கையைக் கிழிச்சுக்கிட்டு வர்றீங்க. உங்க சட்டையில ஒரு நாளாச்சும் கறை பாத்திருக்கீங்களா? அது தானாவா போச்சுன்னு நினைச்சீங்க?”

அதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லச் சொன்னார். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றாள். அணைத்துவிட்டு வா என்றார். அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவள் அணைத்துவிட்டு வந்தாள்.

அவள் விளக்கியது இது. ரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது. சுடுதண்ணீர் பட்டால் முட்டை வெந்து போவதுபோல ரத்தம் நூலிலேயே வெந்து உட்கார்ந்துவிடும், அதன் பிறகு எந்தச் சோப்பாலும் போகாது. பச்சைத் தண்ணீரில் அள்ளி அள்ளி உப்பைப் போட்டு ஊறவைக்க வேண்டும். கைப்பிடி உப்பு காணாது. உப்பு கறையை நூலிலிருந்து தளர்த்தித் தண்ணீருக்குள் இழுக்கும். தண்ணீர் சிவந்ததும் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு. தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும் வரைக்கும் அப்படி. அதற்குப் பிறகுதான் சோப்பு.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. கனமான சட்டைன்னா ரெண்டு மணி நேரம். பொம்பளைங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேணாம்ங்க. ஆனா உப்பு மட்டும் எனக்குத் தெரியாது. அத்தைதான் சொன்னாங்க, நான் வந்த புதுசுல. நீங்க இப்படித்தான் தோளக் கிழிச்சுக்கிட்டு வந்தீங்க, நான் சுடுதண்ணில போடப் போனேன். கையில இருந்து சட்டையப் பிடுங்கிட்டாங்க.”

மாசிலாமணி குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, ஒன்பது மாதமாகச் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னார். பதினான்காவது படம், வாளி, ரப்பர் பேண்ட், துவைத்துக் காய்ந்த சட்டை, இரண்டு ஐம்பத்திரண்டு, மூன்று பதினைந்து, ரபியா கேட்ட சத்தம். அவள் நிறுத்தச் சொல்லவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். திருஷ்டி என்று எழுதியிருக்கிறார்கள் என்றபோது மட்டும் இடைமறித்தாள்.

“யாரு எழுதுனா?”

“டாக்டர் எழுதினாரு. சொன்னது ஜெயரத்தினம் ஐயா.”

“அவரு வாழ்க்கையில ஒரு துணி துவைச்சிருக்க மாட்டாரு.” வாளியில் சட்டையை ஒருமுறை அமுக்கிவிட்டாள். “உங்க தம்பி நாலு வருஷம் என் வீட்ல இருந்தவரு. போட்ட சட்டையை வாளியில போடக்கூடத் தெரியாதுங்க அவருக்கு. நான்தான் கட்டிலுக்கு அடியில இருந்து பொறுக்குவேன். அது அத்தை செஞ்ச வேலை.”

அவருக்கும் அது தெரிந்துவிட்டிருந்தது. ஒரு மணி நேரம் ஊறிய சட்டையை இருபத்துமூன்று நிமிடத்துக்குள் அடக்க முடியாது. அப்படியானால் ரபியாவின் பன்னிரண்டரைச் சத்தம்தான் சத்தம். அடி விழுந்தது அப்போது. அம்மா விழுந்திருக்கிறார், எழுந்திருக்கிறார். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்தது, சாவு எப்போது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையிலேயே ஒரு வரி இருந்தது. அந்த வரியை வாசித்தவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். தம்பி சொன்னது நோயின் மிச்சம் அல்ல. அம்மா எழுந்தார். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். போலீஸ் வந்தால் மகனைப் போன தடவை மாதிரி விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. சட்டையில் கறை இருந்தால் யாராவது கேட்பார்கள் என்று துவைத்தார்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தன. கடைசிக் கதவு எது என்பதும் தெரிந்தது.

“அப்ப அந்த போன்...” என்றார்.

உமா வேகமாகச் சொன்னாள். “வேற எதுக்காவது இருக்கும்ங்க. அரிசி தீந்திருக்கும். அத்தை எதுக்குத்தான் கூப்பிட மாட்டாங்க?”

“இல்ல உமா.”

“குழிக்குள்ள இருந்தீங்க. எடுக்க முடியாது.”

“அஞ்சு பத்துக்குக் குழியில இருந்து ஏறி வந்துட்டேன். மிஸ்டு கால் பாத்தேன். வீட்டுக்குப் போயி குளிச்சிட்டுக் கூப்பிடலாம்னு வச்சிட்டேன்.”

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அழைப்பு அடி விழுவதற்கு முன்னால் வந்தது என்று அரசுத் தரப்பு சொன்னபோது, அவருக்குள் வெட்கக்கேடான ஒரு நிம்மதி இருந்தது. நன்றாக இருந்த அம்மா எதற்கோ கூப்பிட்டார், தான் எடுக்கவில்லை, அது வேறு விஷயம் என்று அந்த நிம்மதியில் ஒன்பது மாதம் தூங்கியிருக்கிறார். இப்போது அதைத் தன் கையாலேயே எடுத்துப் போட வேண்டும். ஐந்து பத்துக்குத் திருப்பிக் கூப்பிட்டிருந்தால் அம்மா எடுத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

உமா அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். தையல் போட்ட கையைத் தொடாமல் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லணுமா?” என்று கேட்டாள்.

“சொன்னாத்தான் அவன் கழுவலேன்னு ஆகும்.”

அவள் எழுந்துபோய் அவருடைய போனை எடுத்துவந்து கொடுத்தாள்.

சிவதர்ஷினி அலுவலகத்தில்தான் இருந்தாள். முதலில் அவசர அவசரமாகப் பேசியவள், உப்பு என்ற சொல் வந்ததும் நிதானித்தாள். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். எவ்வளவு உப்பு, எத்தனை தடவை தண்ணீர், யார் சொல்லிக்கொடுத்தது, எந்த வருடம். அவள் விரல்கள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. தன் வீட்டிலும் அம்மா அப்படித்தான் செய்வார், எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று தன்னையே நொந்துகொண்டாள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரைத் திரும்ப அழைத்து, அந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்கலாம் என்றாள்.

“அங்கிள், நான் promise பண்ண முடியாது, okay? திருஷ்டின்னு நம்ம டாக்டர் எழுதினத நாமளே withdraw பண்ணணும். அது நமக்கு minus. அம்மா எந்திரிச்சாங்கன்னு உங்க தம்பி சொன்னதும் இனிமே நோய் இல்ல, அதுவும் கொஞ்சம் minus. ஆனா கழுவினது அவர் இல்ல, பொய் சொல்லலன்னா அவங்க case-ல இருக்கிற பெரிய தூணே போயிடும். நீங்க சாட்சிக் கூண்டுல ஏறணும். அவங்க உங்கள விட மாட்டாங்க. ஏன் திருப்பிக் கூப்பிடலன்னு கேப்பாங்க. பேப்பர்ல வரும்.”

“கேக்கட்டும் மிஸ்.”

“உப்பு விஷயத்துக்கு இன்னொரு சாட்சி வேணும். உங்க அம்மாகிட்ட நேரா கத்துக்கிட்டவங்க. ஆன்ட்டி வருவாங்களா?”

மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். போன் சத்தமாக இருந்ததால் உமாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அவள் வாளிக்கு முன்னால் குந்தி, சிவந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே குழாயை மூடினாள்.

“வர்றேன்னு சொல்லுங்க. லீவு போட ரெண்டு நாள் முன்னாடி சொல்லணும் அவங்க.”

சிவதர்ஷினி அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு, வாக்குமூலத்தின் வரைவுக்காக, நடந்ததை வரிசையாக, நேரத்தோடு, தன் சொற்களில் ஒருமுறை சொல்லும்படி கேட்டாள். அவசரம் வேண்டாம், நான் தட்டச்சு செய்துகொண்டே வருகிறேன் என்றாள். மாசிலாமணி மேலதிகாரிக்குப் பழுது விவரம் சொல்வதைப்போல, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

“பன்னிரண்டரைக்குத் தம்பி அடிச்சான். அம்மா எந்திரிச்சு, காயத்தை அவங்களே கழுவிக்கிட்டாங்க. அவன் சட்டையைக் கழட்டி உப்புத் தண்ணில ஒரு மணி நேரத்துக்கு மேல ஊற வச்சு, துவைச்சு, காயப்போட்டாங்க. அவனுக்கு வேற சட்டை கொடுத்து, சோறு போட்டாங்க. ரெண்டு அம்பத்திரண்டுக்கு எனக்குப் போன் பண்ணாங்க. நான் எடுக்கல. அதுக்கப்புறம் போய்ப் படுத்தாங்க. மூணு பதினஞ்சுக்கு அவன் ரபியாகிட்ட சொன்னது பொய் இல்ல. அப்ப அம்மா தூங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க.”